மாதா தாண்டிப் போகவிருந்த வீடு

நான் கல்யாணமாகி ஆவூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வருவதற்கு மேற்றிராணியாரிடம், அதாவது ஆயரிடம், இரண்டு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை சொந்த அத்தை மகன் என்பதற்கு ஒன்று. நான் அவர்களைப்போல ஆர்.சி. கத்தோலிக்கம் இல்லை, புராட்டஸ்டண்ட் என்பதற்கு இன்னொன்று. முதல் அனுமதி சுலபமாகக் கிடைத்தது. இரண்டாவதற்கு, நான் என் சபையிலேயே இருந்துகொள்ளலாம், பிறக்கும் பிள்ளைகளுக்கு அவர்கள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். தாலி கட்டியது பீடத்துக்கு முன்னால் இல்லை, பூசை வைக்கும் சாமியார் உடுப்பு மாற்றுகிற பக்கத்து அறையில். மணி அடிக்கவில்லை, பாட்டும் இல்லை. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. நாலு பேர் பார்க்கும்படி நிற்பதென்றாலே அந்தக் காலத்தில் எனக்குப் பயம்.

பிறந்தது புதுக்கோட்டை டவுனில், மிஷன் வளாகத்தை ஒட்டிய வீட்டில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா சபையில் மூப்பர். அவருடைய தங்கைதான் என் அத்தை, எனக்கு மாமியாராகவும் ஆனவர். அத்தையின் கல்யாணக் காலத்தில் யாரும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் கோயிலில் முழங்கால் போட்டு, அதுவரை இருந்த வேதம் தப்பு என்று சொல்லி, மறுபடியும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஆர்.சி. ஆனார். அப்படியும் ஊர் அவரை வெகுகாலத்துக்கு ‘மிசன்காரி’ என்றுதான் சொல்லியது. விசேஷ வீடுகளில் பந்திக்கு மட்டும் கூப்பிடுவார்கள், வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வேலைக்குக் கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்தில் மரியாதை.

அந்தப் பெயரை அழித்தது அத்தையின் குரல். செபமாலைச் செபத்தை அவர் முதலில் சொல்லி எடுத்துக் கொடுத்தால் தெருக்கோடி வரை கேட்கும், ஒரு சொல் விழுங்கப்படாது. எப்படியோ ஒரு சாவு வீட்டில் தொடங்கி, பிறகு ஒவ்வொரு வீட்டிலும் அவரையே தொடங்கச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. நான் வந்தபோது எங்கள் தெருவில் அத்தை இல்லாமல் செபமாலை கிடையாது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு பூசைக்குப் போய்க் கடைசியில் உட்கார்ந்திருப்பேன். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய் என் சபையில் இராப்போஜன அப்பமும் ரசமும் எடுப்பேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பேசாமல் இருப்பவளோடு யாருக்கு என்ன சண்டை?

ஐம்பத்து நாலில், மாதாவுக்கென்று எல்லாக் கோயில்களிலும் சிறப்புச் செய்த வருஷம், எங்கள் ஊரில் மாதா சிலையை, அவர்கள் பேச்சில் சுரூபத்தை, வீடு வீடாகக் கொண்டுபோவது என்று முடிவானது. செபமாலை மாதமான அக்டோபரில் தொடங்குவார்கள். ஒரு வீட்டில் ஒரு இரவு சுரூபம் தங்கும். மறுநாள் பொழுது சாயும்போது அந்த வீட்டுப் பெண் அதைத் தாம்பாளத்தோடு தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டுப் பெண் கையில் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் மாமியார், மருமகள், ஓர்ப்படி என்று பல பேர் இருந்தால் யார் வாங்குவது என்று சண்டை வருமே! அதற்காக, அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைப்பவள் எவளோ அவளே வாங்க வேண்டும் என்று பெண்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு என் கையில் இருந்தது. சுரூபத்தை நான் தொடமாட்டேன் என்பது அத்தைக்குத் தெரியும். “அன்னைக்கு ஒரு நாள் அடுப்பை நா பாத்துக்குறேன், நீ காச்சல்னு படுத்துக்க” என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அப்படியே நடந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

செப்டம்பர் கடைசியில் கடலை பிடுங்கினார்கள். எங்கள் கொல்லையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தோம். எனக்கு எதிரில் பக்கத்து வீட்டு அக்கா. நல்லவர்தான். வாய் மட்டும் சும்மா இருக்காது.

“ஏன் தங்கச்சி, ஒங்க சபையில மாதாவுக்குத் திருநாளே கெடையாதாமே?”

“இல்லக்கா.”

“அவங்க என்ன பண்ணுனாங்க ஒங்களுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

“மாதாவும் பாவம் செஞ்சவங்கன்னு சொல்வாங்களாமே ஒங்காளுங்க. எந்தம்பி விராலிமலைச் சந்தையில யாரோ பேசக் கேட்டுட்டு வந்தான். நெசமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியுமே. சிறுபிள்ளையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் சொல்லிக்கொடுத்தது அதுதானே.

“ஆண்டவர் ஒருத்தர்தான் பாவமில்லாதவரு, மத்த எல்லாரும் பாவிங்கன்னு சொல்லிக்குடுத்திருக்காங்கக்கா.”

“எல்லாருமுன்னா?”

“எல்லாருந்தாங்க்கா.”

“மாதாவுமா?”

கையில் இருந்த செடியில் கடலை தீர்ந்துவிட்டது. இன்னொரு செடியை எடுத்துக்கொண்டேன். “அவங்களும் மனுசிதானக்கா” என்றேன்.

அத்தை உடனே பேச்சுக்குள் புகுந்தார். “அவ கெடக்குறா, சின்னக் கழுதை. இதெல்லாம் எங்கண்ணன் வேலை. பன்னெண்டு வயசுப் புள்ளையா இருந்தப்ப ஏசு திருநாள் கூட்டத்துல தொலைஞ்சு, நாள்கணக்கா தேடி, கோயில்ல கண்டுபிடிக்கிறா பெத்தவ. ஏன்டா இப்படிப் பண்ணுனேன்னு ஒரு வார்த்தை கேக்குறா. அதைப் போயி மாதா செஞ்ச குத்தம்பாரு எங்கண்ணன். நானா இருந்தா முதுகுல ரெண்டு வச்சுத்தான் கூட்டியாந்திருப்பேன்!”

மறுபடியும் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கடலையைத் தட்டில் போடும் வேகம் கூடியது. பொழுது இறங்குவதற்குள், மருமகள் மாதாவைப் பாவி என்று வைதுவிட்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

மறுநாள் உபதேசியார் வந்தார். சாமியார் ஆவூரில் இருப்பார். ஊரில் செபம், ஞானோபதேசம், சுரூபம் எல்லாம் உபதேசியார் பொறுப்பு. பொறுமையான மனிதர். என் கணவரும் அத்தையும் எதிரில் நின்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“அந்தப் புள்ளையத் திட்ட வரலைங்க. புரிஞ்சுக்கணும்னு வந்தேன்” என்று ஆரம்பித்தார். “கெணத்துல விழுந்தவனத் தூக்கி வெளிய விடுறதும் காப்பாத்துறதுதான். விழப்போறவனக் கையப் புடிச்சு நிறுத்துறதும் காப்பாத்துறதுதான். நம்மளயெல்லாம் ஆண்டவரு விழுந்த பெறகு தூக்குனாரு. மாதாவ விழாமயே புடிச்சுட்டாரு. அவ்வளவுதாம்மா விசயம்.”

அழகாகச் சொன்னார். மாதாவே பைபிளில் தன்னை மீட்டவர் என்று ஆண்டவரைச் சொல்லியிருக்கிறாரே, மீட்பு வேண்டியிருந்தால் பாவம் இருந்திருக்க வேண்டும் அல்லவா என்பது என் அப்பாவின் பெரிய கேள்வி. அதற்கு இப்படி ஒரு பதில் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதன் பிறகு கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பேச்சு அழகாக இருப்பது வேறு, அதை நம்புவது வேறு.

“ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் பீடத்துக் கிராதிக் கம்பிக்கிட்ட முழங்கால் போட்டு, சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. போதும்” என்றார் உபதேசியார்.

“சொல்லலைன்னா?” என்று கேட்டார் என் கணவர்.

“சுரூபம் இந்த வீட்டத் தாண்டிப் போயிரும். பாவின்னு சொன்ன வீட்டுக்கு மாதா எப்படிங்க வருவாங்க?” எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, அத்தையைப் பார்க்காமல் சொன்னார்: “இது தீர்ற வரைக்கும் செபமாலைய வேற யாராச்சும் தொடங்கட்டும்.”

அவர் போன பிறகு அத்தை அப்படியே நின்றார். பல வருஷம் பாடுபட்டு அழித்த பெயர் ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் போகிற மாதா நம் வீட்டை மட்டும் தாண்டிப் போனால், அந்த ஊரில் அத்தை இனி யார் வீட்டில் போய் உட்கார முடியும்?

“நா சொல்லலையா?” என்று என் பக்கம் திரும்பினார். “எங்கல்யாணத்தப்ப அத்தனை பேரு முன்னாடி முழங்கால் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். வாயா தேஞ்சு போச்சு?”

“மனசார சொன்னீங்களா அத்தை?”

“மொதல்ல வாய் சொல்லுச்சு. மனசு பின்னாடி வந்துச்சு” என்றார்.

“எனக்கு வரலைன்னா?”

“வரும்டி! சொல்லிப் பாரு, வரும்!”

என் கணவரும் சொல்லிப் பார்த்தார். “ஒரு வார்த்தைதான. சொல்லிட்டு வந்துரு.”

“மாதா முன்னாடியே முழங்கால் போட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களா? அது பாவம் இல்லையா?” என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார்.

நான் அழவில்லை. என்னை நானே அப்போதுதான் புதிதாகப் பார்த்தேன். பயந்தவள் என்று என்னைப் பற்றி நானே நினைத்திருந்தேன். பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாது என்பது பயத்துக்கும் அடியில் கெட்டியாகக் கிடந்தது. அதே அளவுக்கு இன்னொன்றும் கெட்டியாக இருந்தது. அத்தை வாசலை மாதா தாண்டிப் போகக்கூடாது. இரண்டும் ஒன்றாக எப்படி நடக்கும் என்று தெரியவில்லை. இரண்டில் ஒன்றையும் விடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். முடிந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வீட்டுக்கு நடந்தேன். திங்கட்கிழமை சுண்ணாம்பு கரைத்து வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தேன்.

“யாரு வரப் போறாங்கன்னு அடிக்கிற?” என்றார் அத்தை.

“மாதா.”

“திமிருடி ஒனக்கு.”

கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு வந்து கீழ்ச்சுவரைப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் முறை வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. காலையிலேயே அத்தை அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். “குடுத்தா நா வாங்கிக்குறேன். நீ உள்ள இரு” என்றார். நான் உள்ளே இருக்கவில்லை. பெட்ரமாக்ஸ் வெளிச்சம் பக்கத்து வீட்டிலிருந்து நகர்ந்ததும் வாசலில் போய் நின்றேன்.

முன்னால் உபதேசியார் மணியோடு வந்தார். அவருக்குப் பின்னால் தாம்பாளத்தில் சுரூபத்தை ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா. ஒரு முழத்துக்கு மேல் உயரமான மரச் சுரூபம், சுற்றிலும் கனகாம்பரம். எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் உபதேசியார் நிற்காமல், “அடுத்த வீடு, அடுத்த வீடு” என்று கையைக் காட்டினார். கூட்டம் எங்களைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தது. அத்தை இரண்டு கையையும் நீட்டியபடி படியில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கைகளை யாரும் பார்க்காததுபோல் போனார்கள்.

நான் தெருவில் இறங்கி உபதேசியாருக்கு முன்னால் போய் நின்றேன். முதலில் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

“என்னம்மா?” என்றார்.

“நா சொன்னதை மாத்திச் சொல்ல மாட்டேங்க” என்றேன், சத்தமாக. “எனக்குச் சொல்லிக்குடுத்ததச் சொன்னேன். வையலை. ஆனா ஒண்ணு கேக்குறேன். பாவி இருக்குற வீட்டுக்கு மாதா வரமாட்டாங்கன்னா, இந்தத் தெருவுல எந்த வீட்டுக்குங்க வருவாங்க?”

பின்னாலிருந்து ஒரு பெரியவர், “அப்ப இப்படியே கோயிலுக்குத் திருப்புங்கப்பா, எங்க வீட்டுக்கும் வரமுடியாது!” என்றார். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. உபதேசியாரின் முகம் சிவந்தது. “வேதத்தைக் கேலி பண்ணாதீங்க” என்று பொதுவாகச் சொன்னார். எனக்கு வழியை விடும்படி கையை அசைத்தார். நான் விடவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா, “உபதேசியாரே, செத்த நில்லுங்க” என்றார். தாம்பாளத்தோடு எங்கள் படியருகே வந்தார். அத்தை கையை இன்னும் முன்னால் நீட்டினார்.

“நீங்க இல்ல சின்னம்மா” என்றார் அக்கா. “இந்த வீட்டுல அடுப்பு யாரு பத்தவைக்கிறான்னு ஊருக்கே தெரியும். அவ வாங்கட்டும். வாய் நல்லாத்தான் பேசுது. கை நீளுதான்னு பாப்போம். நீட்டுனா குடுக்குறேன். நீட்டலைன்னா நா அடுத்த வீட்டுக்குப் போறேன்.”

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். சுரூபம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரு சின்னப் படத்துக்கு மாலை போடுவதைக்கூட அப்பா விக்கிரக வணக்கம் என்பார். புதுக்கோட்டைக்குச் செய்தி போகும், அதுவும் தெரியும். ஆனால் உபதேசியார் கேட்டது பொய், அக்கா கேட்டது கை. பொய்யை என்னால் கொடுக்க முடியாது. கையைக் கொடுக்க முடியும். அத்தை பக்கம் பார்த்தேன். நனைந்த கைகளை அவர் இன்னும் மடக்கவில்லை.

நான் கையை நீட்டினேன்.

அக்கா ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்தார். பிறகு தாம்பாளத்தை என் கைக்கு மாற்றினார். நினைத்ததைவிடக் கனம். “தாங்கலாப் புடி, தாங்கலா. கழுத்து ஆடும், இங்கிட்டு ஒரு கை குடு” என்று சொல்லிக்கொண்டே, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல என் முழங்கையைத் தூக்கிவிட்டார். நான் கும்பிடவில்லை, முழங்கால் போடவில்லை. நிலைப்படியில் குனிந்து, சுரூபத்தின் தலை இடிக்காமல் உள்ளே கொண்டுபோய், வெள்ளையடித்த சுவரோரம் போட்டிருந்த மேசையில் வைத்தேன்.

உபதேசியார் வாசலிலேயே நின்றார். மற்றவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். செபமாலையை யாராவது தொடங்க வேண்டும். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, “ஆரம்பிங்க சின்னம்மா, நேரமாகுதுல்ல” என்றார். அத்தை தொடங்கினார். செபமாலையின் முதல் மணி மெதுவாக வந்தது. அடுத்த மணி தெருக்கோடி வரை கேட்டது. வாசலில் உபதேசியாரும் மற்றவர்களோடு சேர்ந்து செபத்துக்குப் பதில் சொன்னார்.

நான் எதிர்பார்த்தபடியே செய்தி புதுக்கோட்டைக்குப் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்குப் போனபோது அப்பா ஆராதனைக்கு முன்பே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சுரூபத்தத் தூக்குனியாமே?”

“தூக்குனேம்ப்பா.”

“கும்பிட்டியா?”

“இல்லப்பா.”

“பின்ன என்ன நெனச்சுக்கிட்டுத் தூக்குன?”

“கனமா இருக்கு, கீழ போட்டுறக் கூடாதுன்னு நெனச்சேன்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “போதகருக்கு மனசு சரியில்ல. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. இராப்போஜனத்துக்கு வரலாம்.”

அங்கேயும் ஒரு வார்த்தை. “அதையும் சொல்ல மாட்டேம்ப்பா” என்றேன். அன்று எல்லோரும் பீடத்தண்டை போனபோது நான் பாயில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். மாதா தாண்டிப் போகாத வீட்டிலிருந்து வந்தவளை இவர்கள் தாண்டிப் போகிறார்களே என்றுதான் நினைத்தேன். கோபம் வரவில்லை. அடுத்த முறையும் வருவேன் என்று தோன்றியது.

ஈஸ்டருக்கு நான் கிளம்பும்போது அத்தையும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். “நானும் வாரேன்” என்றார். தன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்த வளாகத்துக்குள் கால் வைத்ததில்லை. இப்போதும் கோயிலுக்குள் வரவில்லை. அவருடைய வேதத்தில் அது கூடாது. வெளியே வேப்பமரத்தடியில் நின்று அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்.

“அண்ணே, அவ எனக்காகத்தான் வாங்குனா. அது பாவம்னா அந்தப் பாவம் எம்மேல. நா ஒங்க சபையிலயும் இல்ல, அதனால ஒங்க போதகரு என்னைய ஒண்ணும் பண்ண முடியாது. உள்ள போயிச் சொல்லுங்க.”

“நீ வாயாடாம வூட்டுக்குப் போ” என்றார் அப்பா.

“சொல்லிட்டு வாங்க, போறேன்.”

அப்பா போதகரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. இராப்போஜனத்துக்கு மற்றவர்கள் எழுந்தபோது நானும் எழுந்தேன். கடைசியில் போய் முழங்கால் போட்டேன். போதகர் அப்பத்தட்டோடு என் முன்னால் நின்றார்.

“சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்காம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்லீங்க ஐயா.”

நின்றார். தலையைக் குனியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அப்பத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. அத்தை மரத்தடியில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். முந்தானைக்குள் செபமாலை.

“குடுத்தாரா?”

“குடுத்தாரு.”

“சரி, வா. பஸ் போயிரும்” என்று முன்னால் நடந்தார்.